வளவு வீட்டு டிவிக்கு ஹெச்டிஆர் கேமிங்: ரேடியானா, ஜிஃபோர்ஸா?

ஏஎம்டியின் ரேடியானோ, என்விடியாவின் ஜிஃபோர்ஸோ, கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது விநாடிக்கு எத்தனை படம் என்கிற ஃபிரேம் எண்ணிக்கைதான். மானிட்டரில் விளையாடுகிறவருக்கு அது போதும். டிவியில், அதுவும் வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டும் ஹெச்டிஆரில் விளையாட நினைப்பவர் முதலில் கார்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். மானிட்டர் செருகும் டிஸ்ப்ளேபோர்ட் வைத்த டிவி நம் கடைகளில் கண்ணில் படுவதே இல்லை. கார்டில் மூன்று டிஸ்ப்ளேபோர்ட் இருந்தாலும் மூன்றும் சும்மாதான் கிடக்கும். படம் போகிற வழி, மிச்சமிருக்கும் அந்த ஒரு ஹெச்டிஎம்ஐ. அது 2.0-ஆ, 2.1-ஆ என்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது.

4கே, 120 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 120 படம்), 10 பிட் (ஹெச்டிஆருக்கு வேண்டிய நிற நுணுக்கம்), நிறத்தில் எதையும் குறைக்காமல் அனுப்ப விநாடிக்குச் சுமார் 40 ஜிகாபிட் வேண்டும். ஹெச்டிஎம்ஐ 2.0-ன் உச்சம் 18. அதில் 4கே 60 ஹெர்ட்ஸுக்கே 10 பிட் வேண்டுமென்றால் 4:2:2 என்று நிறத் தகவலைச் சுருக்க வேண்டும். ஆட்டத்தில் அது பெரிதாகத் தெரியாது. விண்டோஸ் திரையில் சிவப்பு எழுத்தைப் படிக்கும்போது ஓரம் பிசிறடிக்கும். 2.1-க்கு 48 ஜிகாபிட் வரை இடம் உண்டு.

இதனால்தான் பழைய கார்டு வாங்குகிற விஷயத்தில் நான் கறாராகப் பேசுவேன். தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, செகண்ட்ஸ்ல 2080 டிஐ வருது, தூக்கிறவா?" பலமான கார்டுதான், சந்தேகமில்லை. ஆனால் அது இருக்கிற ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை முழுக்க ஹெச்டிஎம்ஐ 2.0. ரேடியான் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டியும் அப்படியே. 4கே, 120 ஹெர்ட்ஸ், ஹெச்டிஆர் மூன்றும் முழு நிறத்தோடு ஒன்றாக அந்த போர்ட்டில் வராது. பலத்தில் 2080 டிஐ-க்குப் பின்னால் நிற்கிற ஆர்டிஎக்ஸ் 3060-ல் 2.1 இருக்கிறது. 2020-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையும் ஆர்எக்ஸ் 6000 வரிசையும்தான் எல்லைக் கோடு. அதற்கு முந்தியதை டிவிக்கென்று வாங்குவது, வாசக்கால் அகலம் பார்க்காமல் தேக்குப் பெட்டகத்தை விலைபேசுகிற வேலை.

டிவிப் பக்கமும் இதே சோதனையைச் செய்துவிடுங்கள். அட்டைப்பெட்டியில் ஹெச்டிஆர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே 60 ஹெர்ட்ஸ் பேனல், மங்கலான பின்விளக்கு, ஹெச்டிஎம்ஐ 2.0. அந்த டிவிக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் வேண்டாம். இருக்கிற கார்டே போதும், பணத்தை டிவி மாற்றச் சேர்த்து வையுங்கள். நல்ல டிவியிலும் எல்லா போர்ட்டும் ஒன்றல்ல. சோனியின் பல மாடல்களில் 3, 4 ஆகிய இரண்டு போர்ட்டில்தான் 4கே 120 வரும்; அதிலும் 3-வது போர்ட் சவுண்ட்பார் செருகும் இஏஆர்சி போர்ட். எல்ஜி சி வரிசை ஓஎல்இடியில் நான்குமே 2.1. இதோடு டிவி மெனுவுக்குள் போய் அந்த போர்ட்டைத் திறந்துவிடவும் வேண்டும்: சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் ப்ளஸ்', எல்ஜியில் 'டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்டு'. இதைச் செய்யாமல் கார்டைத் திட்டுகிறவர்கள் ஏராளம்.

சரி, இனி போட்டிக்கு வருவோம். புதிதாக வாங்குகிறவர் முன்னால் இரண்டு ஜோடி நிற்கின்றன.

முதல் ஜோடி ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி, ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. இரண்டும் 2025-ல் வந்தவை. அறிமுக விலை முறையே 429 டாலர், 349 டாலர். நம் ஊர்க் கடை விலை வேறு கதை. ஆனாலும் ஜிஃபோர்ஸ் ஒரு படி மேலே இருப்பது இங்கேயும் மாறுவதில்லை. மின்சாரம் 180 வாட், 160 வாட். நினைவக வேகத்தில் 5060 டிஐ முன்னே: விநாடிக்கு 448 ஜிகாபைட், ரேடியானில் 320. 4கே-யில் இந்த வித்தியாசம் தெரியும், ஆனால் எண்பது டாலர் அளவுக்குத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். இரண்டிலும் 8 ஜிபி வகை ஒன்று அலமாரியில் பக்கத்திலேயே இருக்கும். 4கே டிவிக்கு அதைத் தொடாதீர்கள். பெயர் ஒன்று, டப்பா ஒன்று, விலை கொஞ்சம் குறைவு. கேம் டெக்ஸ்சர் நினைவகத்தை நிரப்பியதும் ஆட்டம் திக்கித் திக்கிப் போகும்.

இரண்டாவது ஜோடி ஆர்டிஎக்ஸ் 5070-யும் ஆர்எக்ஸ் 9070-யும். இரண்டுக்கும் அறிமுக விலை ஒன்றே, 549 டாலர். ஆனால் 5070-ல் 12 ஜிபி, 9070-ல் 16 ஜிபி. 5070 குடிப்பது 250 வாட், 9070 220 வாட். காகிதத்தில் ரேடியான்தான் ஜெயிக்கிறது. பத்தடி தள்ளி உட்கார்ந்து 4கே டிவியில் ஐந்தாறு வருடம் ஓட்டப் போகிறவருக்கு 12 ஜிபி இன்றைக்குப் போதும், நாளைக்கு இடிக்கும். இந்த ஜோடியில் என் கை ரேடியான் பக்கம்தான் போகும்.

ஆனால் ஹெச்டிஆர் என்று கேட்கும்போது கதை அங்கே முடிவதில்லை. ஹெச்டிஆரோடு வெளிவரும் புது கேமில் இரு கம்பெனிக் கார்டும் ஒன்றுதான். இரண்டும் ஹெச்டிஆர்10 சிக்னலை அனுப்பும், டிவி அதைக் காட்டும். நிறத்தில் 'இது பச்சை அணி (என்விடியா), இது சிவப்பு அணி (ஏஎம்டி)' என்று யாராவது கண்டுபிடித்தால் அது செட்டிங் பிழை. பெரும்பாலும் ஃபுல், லிமிடெட் என்ற நிற வீச்சு அளவு இரு பக்கமும் பொருந்தாமல் கறுப்பு சாம்பலாகியிருக்கும், அவ்வளவுதான்.

வித்தியாசம் பழைய கேமில் இருக்கிறது. ஹெச்டிஆரே இல்லாமல் வந்த ஆட்டங்களுக்கு விண்டோஸ் 11-ல் ஆட்டோ ஹெச்டிஆர் உண்டு. எந்தக் கார்டிலும் ஓடும், ஆனால் டைரக்ட்எக்ஸ் (கேம் படம் வரையப் பயன்படும் மென்பொருள் அடுக்கு) 11, 12 கேம்களுக்கு மட்டும். என்விடியா 2024-ல் ஆர்டிஎக்ஸ் ஹெச்டிஆர் என்று தனியே ஒன்று கொடுத்தது. அது டைரக்ட்எக்ஸ் 9, வல்கன் கேம்களையும் எடுத்துக்கொள்ளும். உச்ச வெளிச்சம், நடுச் சாம்பல், கான்ட்ராஸ்ட், நிறச் செறிவு என்று நான்கு திருகு நம் கையில். உங்கள் டிவியின் வெளிச்சம் 800 நிட் (வெளிச்ச அலகு) என்றால் உச்சத்தை 800-ல் நிறுத்தலாம். சூரியனும் விளக்கும் மட்டும் எரியும், சுவர் எரியாது. ஆட்டோ ஹெச்டிஆரில் இவ்வளவு பிடி இல்லை. விலை என்னவென்றால் ஆர்டிஎக்ஸ் ஹெச்டிஆர் கொஞ்சம் ஃபிரேமைத் தின்னும். இரண்டையும் ஒரே நேரத்தில் போடவும் கூடாது. ரேடியானில் இதற்கு இணையாகக் கம்பெனியே கொடுக்கிற வசதி எதுவும் இல்லை. பத்து வருடப் பழைய கேம் நூலகத்தை வைத்திருப்பவருக்கு அந்த எண்பது டாலர் இங்கே நியாயமாகிவிடுகிறது. புது கேம் மட்டும் ஆடுகிறவர் இந்தப் பத்தியையே மறந்துவிடலாம்.

சின்ன அளவில் வரைந்து பெரிதாக்கும் அப்ஸ்கேலிங்கில் முன்பு இருந்த பெரிய இடைவெளி இப்போது இல்லை. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இன்னும் முன்னால்தான், அதை ஏற்கும் கேமும் அதிகம். ஆனால் ரேடியான் 9000 வரிசையோடு வந்த எஃப்எஸ்ஆர் 4, பழைய எஃப்எஸ்ஆர் மாதிரி இலை தழையைக் கஞ்சியாக்குவதில்லை. 1080பி-யில் வரைந்து 4கே-யாக ஏற்றினாலும் சோபாவிலிருந்து பார்க்கிற கண்ணுக்குக் குறை தெரியாது. டிவிக்காரருக்கு மானிட்டர்காரரைவிடச் சின்னக் கார்டு போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

டிவியின் ஹெர்ட்ஸைக் கேமின் ஃபிரேமுக்கு ஏற்ப மாற்றும் விஆர்ஆர் பற்றி ஒரே ஒரு நுணுக்கம். புது டிவியில் ஹெச்டிஎம்ஐ விஆர்ஆர் இருக்கும், இரு கார்டும் அதைப் பேசும். ஆனால் 2018 வாக்கில் வந்த சில சாம்சங் க்யூஎல்இடிகளில் இருப்பது ஏஎம்டியின் விஆர்ஆர் வகையான ஃப்ரீசிங்க் மட்டும்தான். ரேடியான் ஹெச்டிஎம்ஐ வழியாகவும் ஃப்ரீசிங்க் பேசும். ஜிஃபோர்ஸ் ஹெச்டிஎம்ஐ-யில் ஃப்ரீசிங்க் பேசாது. வீட்டில் அந்த வயது சாம்சங் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ரேடியான்.

இன்டெல் ஆர்க் பி580-ஐயும் கேட்பார்கள். 12 ஜிபி, அறிமுக விலை 249 டாலர், ஹெச்டிஎம்ஐ 2.1 உண்டு. ரீசைஸபிள் பார் (கார்டின் நினைவகத்தை பிராசஸர் முழுதாக அணுகும் வசதி) இல்லாத பழைய மதர்போர்டில் படுத்துவிடும். 1440பி வரை நல்ல கார்டு. 4கே டிவிக்கு நான் கை வைக்க மாட்டேன்.

இனி நம் வீடுகளுக்கு வருகிறேன். அடுக்குமாடிக்காரர்களுக்கு எழுதிய ஆலோசனை காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் அப்படியே செல்லாது. டிவி இருப்பது முற்றத்தைச் சுற்றிய வளவிலோ பட்டாலைக் கூடத்திலோ. நடுவில் முற்றம், மேலே வானம். பகல் பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில் விழும் வெயில் ஆத்தங்குடிக் கல்லில் பட்டு நேரே திரைக்கு வரும். ஹெச்டிஆர்10-ல் ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை நிட் என்று வெளிச்சம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. ஹெச்டிஆர் இல்லாத சாதாரணப் படமான எஸ்டிஆரில் செய்வது போல மொத்தப் படத்தையும் தூக்கி வைக்க அதில் இடம் குறைவு. குகைக்குள் நடக்கிற காட்சியில் கதாநாயகன் இருக்கிற இடமே தெரியாது. "கார்டு சரியில்லையோ?" என்ற சந்தேகம் அப்போதுதான் வரும். கார்டு ஒரு பாவமும் அறியாது. பகலில் எஸ்டிஆரில் ஆடுங்கள். விண்டோஸ், ஆல்ட், பி (B) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஹெச்டிஆர் அணையும், எரியும். விளக்கு வைத்த பிறகு ஹெச்டிஆர். முற்றத்தை ஒட்டியே டிவி இருக்க வேண்டுமென்றால் ஓஎல்இடியைவிட மினி எல்இடிதான் பகலில் தாக்குப்பிடிக்கும்.

அடுத்தது தூரம். கம்ப்யூட்டர் உள்ளறையில், டிவி வளவில் என்றால் வயர் பத்து மீட்டரைத் தொடும். 48 ஜிகாபிட்டைச் சாதாரணச் செம்பு வயர் மூன்று மீட்டர் வரை ஒழுங்காகக் கொண்டுபோகும். ஐந்து என்பதே துணிச்சல். அதற்கு மேல் ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ. அதன் ஒரு முனையில் 'சோர்ஸ்', மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். சோர்ஸ் முனைதான் கார்டுக்கு. மாற்றிச் செருகினால் படமே வராது; பரண் வழியாகவோ தூணை ஒட்டியோ வயர் இழுத்து முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் மறுபடி முழுதும் உருவ வேண்டியதுதான். இழுப்பதற்கு முன்பே தரையில் விரித்து ஒரு தடவை செருகி, 120 ஹெர்ட்ஸ் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செம்பு வயர் வாங்கினால் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' சான்று ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கவனியுங்கள். '8கே' என்று தங்க நிறத்தில் எழுதியிருப்பது சான்று ஆகாது.

மின்சாரத்தில்தான் சின்ன ஜோடி பெரிய ஜோடியை அடித்துவிடுகிறது. நம் வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். 160 வாட் கார்டோடு மொத்தக் கம்ப்யூட்டரும் அதற்குள் அடங்கும், கரண்ட் போனால் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். 250 வாட் 5070-ஐ வைத்தால் கரண்ட் போன அந்த நொடியே யுபிஎஸ் கீச்சிட்டுக் கைவிடும். டிவியையும் அதே யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள். அதற்கு ஸ்டெபிலைசர் போதும். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸையும் பாருங்கள்: 9060 எக்ஸ்டிக்கு ஒரு 8 பின் போதும், 9070-க்குப் பெரும்பாலும் இரண்டு. 5070 கேட்பது புதுவகை 16 பின். பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் கன்வெர்ட்டர் வயர் போட வேண்டும். அதைக் கடைசி வரை அழுத்திச் செருகாவிட்டால் முனை உருகும் அபாயம் உண்டு.

வளவு டிவி பொது டிவி. ஏழு மணிக்கு அப்பத்தாவுக்கு சீரியல். கன்சோலை முடுக்கினால் டிவி தானே அந்த இன்புட்டுக்குத் தாவும். அதைச் செய்கிற சிஇசி வசதி இந்தக் கிராஃபிக்ஸ் கார்டுகள் எதிலும் இல்லை. ரிமோட்டை எடுத்து இன்புட் மாற்ற வேண்டும், ஆட்டம் முடிந்ததும் ஞாபகமாகத் திருப்பி வைக்க வேண்டும். "என்னடா, நீ விளையாண்டா மட்டும் என் படம் காணாமப் போயிருது" என்ற கேள்விக்கு எந்தக் கம்பெனியிடமும் பதில் இல்லை.

ஆக என் பட்டியல் இது. பட்ஜெட் சிறியது, புது கேம், சின்ன யுபிஎஸ்: 9060 எக்ஸ்டி 16 ஜிபி. பழைய கேம்களை ஹெச்டிஆரில் பார்க்கும் ஆசை: 5060 டிஐ 16 ஜிபி. கையில் காசு இருக்கிறது, டிவியும் 120 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி: 9070. 5070-ஐ இந்த வேலைக்கு, அதே விலையில் 9070 கிடைக்கிற வரை, நான் யாருக்கும் சொல்வதில்லை.

இந்தப் பட்டியல் தலைகீழாகிற இடம் ஒன்று உண்டு: லினக்ஸ். விண்டோஸ் வேண்டாம், கேமுக்கான லினக்ஸான ஸ்டீம்ஓஎஸ் மாதிரி ஒன்றைப் போட்டு டிவிப் பெட்டியாக வைத்துக்கொள்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் ரேடியானைத்தான் தேடுவார்கள். டிரைவர் அதற்கு அவ்வளவு ஒத்துப்போகும். ஆனால் ஏஎம்டியின் லினக்ஸ் டிரைவர் திறந்த மூலம். அதில் ஹெச்டிஎம்ஐ 2.1-ஐச் சேர்க்க ஏஎம்டி எழுதிய நிரலை, தரத்தை நிர்வகிக்கும் ஹெச்டிஎம்ஐ ஃபோரம் 2024-ல் ஏற்க மறுத்துவிட்டது. கார்டில் 2.1 இருந்தும் அந்த டிரைவர் 2.0 வேகத்தில் நின்றது. என்விடியாவின் டிரைவருக்கு இந்தத் தடை இல்லை, அதன் முக்கியப் பகுதி மூடியது. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐ 2.1-க்கு மாற்றும் அடாப்டர் கிடைக்கிறது, பலர் அதில் 120-ஐ எட்டவும் செய்கிறார்கள். விஆர்ஆர் மட்டும் அடாப்டருக்கு அடாப்டர் வேறுபடும். அதனால் லினக்ஸ் பெட்டி என்றால் கார்டு வாங்கும் அன்றைக்கு உங்கள் டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் பதிப்பின்) கெர்னலில் ஹெச்டிஎம்ஐ 2.1 சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். சேரவில்லையென்றால் 60 ஹெர்ட்ஸில் ரேடியான், அல்லது 120-ல் ஜிஃபோர்ஸ்.