ஐடிஐயா, மூன்று மாதப் பயிற்சியா, இசைப்பள்ளியா?

பத்தாவதைத் தட்டுத்தடுமாறி பாஸ் செய்துவிட்டு, பிளஸ் ஒன் போகவே மாட்டேன் என்று ஊர் சுற்றும் பையனை எங்கே சேர்ப்பது? திருவள்ளூர் மாவட்டத்தில் அக்கா மகனுக்காக இந்தக் கேள்வியோடு அலைந்தேன். அக்கா வீட்டுக்காரர் இறந்த பிறகு வீட்டில் அதட்ட ஆளில்லை, வெளியே சகவாசமும் சரியில்லை. கையில் இருந்த வழிகள் மூன்று: அரசு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்), இலவசக் குறுகிய காலத் திறன் பயிற்சி, மாவட்ட அரசு இசைப்பள்ளி. கடைசியில் ஐடிஐயில், இயந்திர பாகங்களைச் செய்து பொருத்தும் ஃபிட்டர் பிரிவில் சேர்த்தோம்.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மூன்றுமே ஏழை வீட்டுக்குத் தாங்கும். அரசு ஐடிஐயில் பயிற்சி இலவசம், பஸ் பாஸ் உண்டு, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னும் 1000 ரூபாய்.

குறுகிய காலப் பயிற்சியின் பலம் வேகம்தான். கிராமத்து இளைஞர்களுக்காக 2014இல் தொடங்கிய டிடியு-ஜிகேஒய் என்ற மத்திய அரசுத் திட்டம் போன்றவற்றில் மூன்று மாதத்திலேயே ஒரு பயிற்சியை முடித்துவிடலாம். தங்க இடம், சாப்பாடு, முடித்ததும் வேலைக்கு ஏற்பாடு. நாளைக்கே சம்பளம் வந்தாக வேண்டிய வீடு என்றால் இதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் பார்த்துப் பார்த்து முடிவெடுத்த விஷயம் ஒன்றுதான்: அந்த முதல் வேலை போன பிறகு பையன் கையில் என்ன மிஞ்சும்? போகாமல் இருக்காது. சூப்பர்வைசரோடு சண்டை, அறை வாடகை கட்டுப்படாதது, ஊர் நினைப்பு என்று ஏதோ ஒன்று. பதினாறு, பதினேழு வயதில் அப்படித்தான். திட்டத்தின் கணக்குப்படி மூன்று மாதம் வேலையில் நீடித்தால் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததாக ஆகிவிடும். நாலாவது மாதம் அவன் திரும்பி வந்தால், விற்பனை உதவியாளர் என்ற சான்றிதழை வைத்து அடுத்த கதவைத் தட்டுவது கஷ்டம். எங்கள் தெருவிலேயே அப்படித் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஐடிஐ சான்றிதழ் அப்படியில்லை. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராகப் போகலாம். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (உதவி ரயில் ஓட்டுநர்) தேர்வு எழுதலாம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருஷப் பிரிவை முடித்தவன் பன்னிரண்டாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதி பாஸ் செய்தால், பிளஸ் டூவுக்குச் சமமாகவும் ஆக்கிக்கொள்ளலாம். ஐந்து வருஷம் கழித்துப் புத்தி வந்தாலும் அந்தக் காகிதம் செல்லும்.

கூடவே பொறுமையும் வருகிறது. ஃபிட்டர் பிரிவில் ஆரம்ப மாதங்கள் முழுக்க அரம்தான். இரும்புத் துண்டை வைஸில் பிடித்துத் தேய்த்து, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். இடுக்கில் ஒளி தெரிந்தால் மறுபடியும் அரம். எதிலும் பத்து நிமிஷம் உட்காராத பையன், "இன்னைக்கு ஒளியே தெரியல மாமா" என்று வந்து சொன்னபோது எனக்கு நம்பிக்கை வந்தது.

இசைப்பள்ளி விஷயத்தில் என் அனுபவம் குறைவு. 12 முதல் 25 வயது வரை சேரலாம், தவில், நாதஸ்வரம் எல்லாம் மூன்று வருஷப் படிப்பு. வீட்டிலேயே அந்தப் பழக்கம் இருக்கிற பிள்ளைக்கு அது நல்ல வழியாக இருக்கலாம். எங்கள் வீட்டில் இல்லை. அதற்காகக் கலையே வேண்டாம் என்று விடவில்லை. பக்கத்து ஊர்ப் பறைக் குழுவில் சனிக்கிழமை சாயங்காலம் போகிறான். அவனோடு ஊர் சுற்றிய பழைய கூட்டாளிகள் ஒன்றுசேரும் நேரமும் அதுதான், இப்போது அங்கே போவதில்லை. பறை இல்லையென்றால் ஐடிஐயைப் பாதியில் விட்டிருப்பான் என்கிறாள் அக்கா. நானும் மறுக்க மாட்டேன்.

சேர்ப்பதாக இருந்தால் பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு ஆன்லைனில் விண்ணப்பித்துவிடுங்கள். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். கிடைக்காவிட்டால் வெல்டர் எடுங்கள். ஒரே வருஷம், எட்டாவது பாஸ் போதும். இரண்டு வருஷம் தாங்குவானா என்று சந்தேகப்படும் பையனுக்கு நானே முதலில் அதைத்தான் சொல்வேன்.