ஒரே ஃபைபர் கனெக்ஷனில் ஐந்து வருடம்: நெட் போன நாட்களின் கணக்கு

வீட்டு நெட்டும் கைபேசி சிம்மும் ஒரே கம்பெனியில் எடுத்து ஐந்து வருடம் முடிந்துவிட்டது. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. வேகத்தைப் பற்றி ஒரு வரி போதும்: நெட் இருக்கும்போது சொன்ன வேகம் வருகிறது, குறையில்லை. நான் எழுத உட்கார்ந்தது அது இல்லாதபோது நடக்கும் கூத்தைப் பற்றி.

முதல் வருடம் முழுக்க, நெட் போனால் ரௌட்டரை அணைத்துப் போடுவதைத் தவிர எனக்கு வேறு வைத்தியம் தெரியாது. கஸ்டமர் கேரிலும் அதையேதான் சொன்னார்கள். அணைத்துப் போட்டு, "இப்போ வருதா?" என்று கேட்டு, வரவில்லை என்றால் மறுபடியும் அதையே செய்யச் சொல்வார்கள். அந்தப் பெட்டியில் எல்ஓஎஸ் என்று ஒரு விளக்கு இருக்கிறது, அது சிவப்பாகச் சிமிட்டினால் ஃபைபரில் ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. தெருவில் ஒயர் அறுந்து கிடக்கும்போது வீட்டுக்குள் பெட்டியை நூறு தடவை அணைத்துப் போட்டு என்ன பயன்? பான் என்ற விளக்கு அசையாமல் எரிந்தும் நெட் வரவில்லை என்றால் கதை வேறு. ஒயர் சரி, லாகினிலோ டிஎன்எஸ்ஸிலோ (தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைத் தேடித் தரும் ஏற்பாடு) கோளாறு. அப்போது அணைத்துப் போட்டால் சில சமயம் வரும். இப்போதெல்லாம் போனை எடுத்ததும் நான் சொல்கிற முதல் வாக்கியமே "எல்ஓஎஸ் சிவப்பு" என்பதுதான். பேச்சு பாதியாகக் குறைகிறது.

இரண்டாம் வருடம் வேறு மாதிரி தொல்லை. நெட் முழுசாகப் போகாது, வரும், போகும். புகார் கொடுத்தேன், ஒருவர் வந்தார், விளக்கைப் பார்த்தார், "எரியுதே" என்றார், போய்விட்டார். புகார் முடிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. இன்னொரு புகார், இன்னொருவர், அதே குறுஞ்செய்தி. மூன்றாவதாக வந்தவர்தான் பையிலிருந்து ஒளியை அளக்கும் பவர் மீட்டரை எடுத்து, பெட்டியில் செருகியிருந்த பச்சை முனையைக் கழற்றி அளந்தார். மைனஸ் 29 டிபிஎம். டிபிஎம் என்பது ஒளியின் பலத்துக்கான அளவு, மைனஸுக்குப் பின்னால் வரும் எண் கூடக்கூட ஒளி குறைவு. பெரும்பாலான பெட்டிகள் மைனஸ் 27, 28 வரைதான் தாங்கும் என்றார். ஒயர் போகும் வழியைக் கையால் தடவிக்கொண்டே போய், பீரோவுக்குப் பின்னால் நின்றார். பீரோவின் காலுக்கடியில் ஒயர் மடிந்து நசுங்கியிருந்தது. நான்தான் சில மாதம் முன்பு அதை நகர்த்தி வைத்தேன்! அந்த ஒயரின் கண்ணாடி இழைக்குள் ஒளி ஓடும் நடுப்பகுதியின் தடிமன் சுமார் 9 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். நிமிர்த்தி, முனையைத் துடைத்து மறுபடி அளந்தபோது மைனஸ் 21. எண்ணில் வெறும் எட்டு வித்தியாசம்தான், ஆனால் அத்தனை நாளும் வரவேண்டிய ஒளியில் ஆறில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது. தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். அளக்காமலேயே இரண்டு தடவை புகாரை மூடியது யாருடையது?

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது இந்தப் புகார் மூடுகிற விஷயத்தில்தான். ஒயர் அறுவதை மன்னிக்கலாம். எங்கோ பள்ளம் தோண்டுவார்கள், மரம் விழும். சிவப்பு விளக்கு கண் முன்னே சிமிட்டிக்கொண்டிருக்கும்போது "உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது" என்று செய்தி வருவதை என்னவென்று சொல்வது?

மூன்றாம் வருடத்தில் ஒரு நாள் நெட்டும் போய், சிம்மில் சிக்னலும் போனது. புகார் கொடுக்க ஆப்பைத் திறக்க வேண்டும். திறக்க ஓடிபி வேண்டும். ஓடிபி அந்த சிம்முக்குத்தான் வரும். பக்கத்து வீட்டில் போன் வாங்கிப் பேசினால், "பதிவு செய்த எண்ணிலிருந்து கூப்பிடுங்கள்" என்று பதிவுக்குரல் சொல்கிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் வீட்டு நெட், கைபேசி இரண்டும் சேர்ந்து விழுந்தன. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். கடைகளில் டெபிட் கார்டு ஓடவில்லை. ஒரு ரௌட்டர் அமைப்பை மாற்றியபோது நடந்த பிசகு, இரண்டு சேவைக்கும் பொதுவாக இருந்த மைய நெட்வொர்க்கையே சாய்த்துவிட்டது. அதைச் சரிசெய்ய வேண்டிய ஊழியர்களுக்கே ஒருவரையொருவர் தொடர்புகொள்ள முடியவில்லை. அவர்களிடமும் அதே கம்பெனி போன்தானே! என் ஓடிபி கதையின் பெரிய பதிப்பு.

மறு வாரமே வேறு கம்பெனியில் இரண்டாவது சிம் எடுத்தேன், மிகக் குறைந்த திட்டத்தில். ரௌட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வாங்கினேன். பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துவிடும், வீட்டில் கரண்ட் போனாலும் மணி அடிக்கும். ஃபைபரில் வரும் போனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெட்டி அணைந்தால் போனும் அணைந்தது.

ஒரு நோட்டும் போட்டிருக்கிறேன்: போன நேரம், வந்த நேரம், விளக்கின் நிறம், புகார் எண். விளம்பரங்களில் 99.9 சதவீதம் என்று போடுவார்களே, அதைக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 8 மணி 45 நிமிடம் வரை நெட் இல்லாமல் இருக்கலாம். போன வருடம் எனக்கு ஒரே தடவையில் போனது 53 மணி நேரம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் பில்லில் மூன்று நாள் தொகையைக் கழித்தார்கள். பிரிட்டனில் 2019 ஏப்ரலிலிருந்து ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதில் சேர்ந்த கம்பெனிகள், பழுதை இரண்டு முழு வேலை நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், கேட்காமலே இழப்பீடு தரவேண்டும். பொறாமையாக இருக்கிறது.

கம்பெனியை மாற்றலாமே என்பீர்கள். விசாரித்தேன். இன்னொரு கம்பெனியின் ஒயரும் அதே கம்பம் வழியாகத்தான் வருகிறது. அதனால் வீட்டு நெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, வருடச் சந்தாவை மட்டும் மாதச் சந்தாவாக மாற்றிவிட்டேன். இந்த மாதம் இதுவரை ஒரே ஒரு தடவை, 40 நிமிடம், எல்ஓஎஸ் சிவப்பு. புகாரை மூடும் முன் போன் செய்து கேட்டார்கள். அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.