வெள்ளெழுத்துக் கண்ணும் நூறு வருடத்து டேங் சைட்டும்

மெனு கார்டைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிற வயது வந்ததும் முதலில் அடி வாங்கியது என் ஸ்டீவன்ஸ் துப்பாக்கிதான். அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து சிக்கோப்பி ஃபால்ஸில் செய்த ஐடியல் 44 அது. .22 லாங் ரைபிள் தோட்டா, ஒரு நேரத்துக்கு ஒரே குண்டு. லீவரைக் கீழே தள்ளினால் குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புக் கட்டை இறங்கி வாய் திறக்கும், தோட்டாவை விரலால் உள்ளே தள்ள வேண்டும், மூட வேண்டும், சுத்தியலை இழுக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாத துப்பாக்கி. எனக்கு அதனாலேயே பிடிக்கும். ஆனால் குழல் மேல் இருக்கும் பின் சைட்டின், அதாவது குறி பார்க்கும் தகட்டின், வெட்டு எனக்கு இப்போது பஞ்சு ஒட்டினது போலத்தான் தெரிகிறது. அதைக் கூர்ந்து பார்த்தால் முன் சைட் போச்சு, முன் சைட்டைப் பிடித்தால் இலக்கு போச்சு. 50 கஜத்தில் பத்து குண்டு போட்டால் இரண்டரை அங்குலத்துக்குச் சிதறியது. துப்பாக்கி மேல் தப்பில்லை என்று தெரியும், இருந்தாலும் வெறுப்பு வந்தது.

ஸ்கோப் மாட்டலாமே என்பார்கள். நூறு வருடத்துக்கு முந்திய குழலில் புதுத் துளை போட எனக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் கிளப்பில் ஒரு பெரியவர் தன்னுடைய டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே நான்கைந்து பழைய டேங் சைட்டுகள். அன்றிலிருந்து எனக்கும் இந்தப் பைத்தியம். இந்த ஒன்றரை வருடத்தில் நான் மாட்டிப் பார்த்தவை பற்றித்தான் இது.

டேங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அரிவாளின் காம்பு மரப்பிடிக்குள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். துப்பாக்கியிலும் அதே கதைதான், இரும்பு உடலின் பின்பக்கம் ஒரு வால் நீண்டு மரக்கட்டையின் இடுப்பில் பதிந்திருக்கும். அதன் மேல் இரண்டு திருகு போட்டு நிற்க வைக்கிற சின்னக் கம்பம்தான் டேங் சைட். கம்பத்தின் தலையில் ஒரு வட்டு, வட்டின் நடுவே ஓட்டை. கண்ணுக்குச் சில அங்குலம் முன்னால் அது நிற்பதால் ஓட்டையைப் பார்க்கவே வேண்டாம், ஓட்டை வழியாகப் பார்த்தால் போதும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, விரல்களை மடக்கி நடுவில் ஊசித் துவாரம் விட்டுக் கரும்பலகையைப் படித்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. அதே வித்தைதான். துவாரம் சிறியதானால் முன் சைட்டும் இலக்கும் சேர்ந்தே ஓரளவு தெளிவாகிவிடும், வெள்ளெழுத்துக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

முதலில் மாட்டியது லைமன். கனெக்டிகட் மாநிலம் மிடில்ஃபீல்டைச் சேர்ந்த வில்லியம் லைமன் 1879-இல் காப்புரிமை வாங்கிய வடிவத்தின் வாரிசு. அவருக்கு முன்பும் ஓட்டை சைட்டுகள் இருந்தன, ஆனால் அவை பெரிய வட்டில் குட்டி ஓட்டை, வெளிச்சம் போதாது. லைமன் செய்தது நேர்மாறு: ஓட்டையைப் பெரிதாக்கி விளிம்பை மெல்லிசாக்கினார். பெரிய ஓட்டையில் எப்படிக் குறி பார்ப்பது என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் நம் கண் கேட்காமலே நடுவைத் தேடிப் போய் நிற்கிறது. காலை ஏழு மணி மங்கல் வெளிச்சத்தில் என் மற்ற சைட்டுகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்ட பிறகும் லைமன் மட்டும் வேலை செய்தது. என்னிடம் இருப்பது காம்பினேஷன் ரகம், பெரிய ஓட்டைக்குள் சின்ன ஓட்டை உள்ள ஒரு தகடு மடிந்து வந்து நிற்கும். இலக்குக்குச் சின்னது, காட்டில் நடக்கும்போது பெரியது. ஒரே குறை, இந்தப் பழைய ரகத்தில் இடவலம் திருத்த வழியில்லை. ஏற்ற இறக்கம் மட்டும்தான். இடவலத்துக்கு முன் சைட்டைத் தட்டித் தள்ள வேண்டும், அதைப் பித்தளை உளியால் தட்டுகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அப்புறம் மார்பிள்ஸ். என் மனசுக்குப் பிடித்தது இதுதான், கொஞ்சம் பாரபட்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகனில் கிளாட்ஸ்டோன் என்ற ஊர்க் கம்பெனி, கோடாரிக்கும் கத்திக்கும் பெயர் போனவர்கள். அவர்களுடைய பழைய சைட்டின் பெயரே ஃப்ளெக்ஸிபிள். அடியில் ஒரு சுருள்வில் ஒளிந்திருக்கிறது. கம்பம் கிளையில் இடித்தால், கட்டைவிரல் பட்டால், வில் வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நிமிர்ந்து நிற்கும். முதல் தடவை விரலால் தட்டிப் பார்த்தபோது தஞ்சாவூர்ப் பொம்மை ஞாபகம் வந்தது, ஒரு பத்து தடவையாவது சும்மா தட்டியிருப்பேன். மற்ற டேங் சைட்டுகளில் இப்படி ஒரு இடி வாங்கினால் ஒன்று கம்பம் வளையும், அல்லது பொருத்தம் ஆடிப்போய் அளவு தப்பும். என்னுடையதைக் குறைந்தது நூறு தடவை சாய்த்து நிமிர்த்தியிருப்பேன், நிமிர்ந்த பிறகு குண்டு விழும் இடம் மாறவில்லை. வேண்டாதபோது மொத்தமாகப் படுக்க வைக்கலாம், அங்கேயே நிற்கும்.

இதை மாட்டிய பிறகு அதே 50 கஜம், அதே தோட்டா, பத்து குண்டு: ஒன்றேகால் அங்குலம். பாதியாகிவிட்டது. காரணம் ஓட்டை மட்டுமல்ல. குழல் மேல் இருந்த வெட்டிலிருந்து முன் சைட்டுக்கு இருந்த தூரத்தைவிட இப்போது பல அங்குலம் கூடுதல், என் துப்பாக்கியில் மொத்தம் 31 அங்குலம். இந்தத் தூரம் நீளமானால் கை செய்யும் அதே அளவு தப்பு இலக்கில் சிறிதாக விழும். கணக்குப் போட்டால், கம்பத்தை 0.01 அங்குலம் ஏற்றினால் 100 கஜத்தில் சுமார் 1.16 அங்குலம் மேலே ஏறுகிறது. சைட் தூரம் 34 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் அது கிட்டத்தட்ட ஒரு அங்குலமாகிவிடும், நீளக் குழல்காரர்களுக்கு அந்த வசதி.

மூன்றாவது, வெர்னியர். இது என்னுடையதல்ல, கிளப் பெரியவரின் ஷார்ப்ஸ் என்ற பழைய அமெரிக்கத் துப்பாக்கியின் நகலில் இருப்பது, இத்தாலியின் பெடர்சோலி செய்தது. எட்டிப் பார்த்தாலே கை நமநமக்கும். நீண்ட ஏணி போன்ற சட்டம், அதில் கோடுகள், பக்கத்தில் இன்னொரு குட்டி அளவுகோல், இரண்டின் கோடுகளும் எங்கே சேர்கின்றன என்று பார்த்து அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கைப் படிக்கலாம். 1631-இல் பியேர் வெர்னியே என்ற பிரெஞ்சுக்காரர் சொன்ன கணக்கு, வெர்னியர் காலிப்பரிலும் அதுதான். இந்த ரக சைட்டுகளின் பொற்காலம் 1870-கள். 1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டின் கிரீட்மூரில் துப்பாக்கி சுடும் போட்டியில் அயர்லாந்தும் அமெரிக்காவும் மோதின. 800, 900, 1000 கஜம். அயர்லாந்துக்காரர்கள் கையில் குழலின் முன்வாய் வழியாக வெடிமருந்து திணிக்கும் ரிக்பி, அமெரிக்கர்கள் கையில் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். 934-க்கு 931, மூன்றே புள்ளியில் அமெரிக்கா ஜெயித்தது. அதில் கொடுமை என்னவென்றால், அயர்லாந்தின் மில்னர் ஒரு குண்டை நட்டநடுவில் போட்டார், பக்கத்து ஆளின் இலக்கில்! அன்றைய கணக்கில் நடுவுக்கு 4 புள்ளி. மீதியை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு நுணுக்கமான சைட் இருந்து என்ன.

அந்தக் காலத்தில் சிலர் மல்லாந்து படுத்து, துப்பாக்கியைக் கால் மேல் கிடத்திச் சுட்டார்கள். அவர்களுக்காகச் சில கிரீட்மூர் ரெமிங்டன்களில் மரக்கட்டையின் பின்கோடியிலேயே சைட் வைக்க ஒரு அடித்தளம் உண்டு. நான் இன்னும் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை, ஆசை இருக்கிறது.

சரி, வெர்னியர் வாங்கலாமா? 500 கஜத்துக்கு மேல் சுடுகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், அந்த ஏற்றத்தை வேறு எதுவும் தராது. என்னைப் போல .22 வைத்து 50, 100 கஜத்தில் தகர டப்பா அடிக்கிறவருக்கு அது கொசுவை அடிக்கக் கோடாரி. ஏணியின் அடி விரற்கடையைத் தாண்டி மேலே போகவே மாட்டோம்.

இனி நான் ஏமாந்த கதை. ஒரு துப்பாக்கிச் சந்தையில் விசித்திரமான ஒன்றைப் பார்த்தேன். பெயர் இல்லை, ஊர் இல்லை. வட்டுக்குப் பதில் ஒரு சறுக்குத் தகடு, அதில் மூன்று அளவில் மூன்று ஓட்டை, நகத்தால் தள்ளினால் டக்கென்று மாறும். ஸ்டீவன்ஸுக்கு அப்படியே உட்காரும் என்று விற்றவர் சத்தியம் செய்தார். 180 டாலர் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து வைத்தால் திருகுத் துளைகளின் இடைவெளி 1/8 அங்குலம் இடிக்கிறது, அடிப்பாகத்தின் வளைவும் டேங்கின் வளைவோடு சேரவில்லை. கூர்ந்து பார்த்தால் எனக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு துளையை அரத்தால் ராவி முட்டை வடிவமாக்கியிருக்கிறார். திருப்பிக் கொடுக்கப் போனால் அடுத்த நாள் அந்த மேஜையே காலி.

ஆகவே வாங்கும் முன் உங்கள் டேங்கின் இரண்டு துளைக்கும் நடுவே காலிப்பர் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். லைமன், மார்பிள்ஸ் இரண்டிலும் அடிப்பாகத்தில் எழுத்துக் குறி அடித்திருக்கும், எந்தத் துப்பாக்கிக்குச் செய்தது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது. வின்செஸ்டருக்குச் செய்தது ஸ்டீவன்ஸில் உட்காராது, வாயால் சொல்வதை நம்பாதீர்கள். திருகும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள், பழைய மரை இன்றைய கடைத் திருகோடு ஒத்துப்போகாமல் படுத்தும். டேங்கில் ஏற்கெனவே துளையை மூடியிருக்கும் குட்டித் திருகு துருப்பிடித்திருந்தால் இரண்டு நாள் எண்ணெயில் ஊற விடுங்கள், பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் தலையைச் சிதைத்துவிட்டு என்னிடம் அழ வேண்டாம்.

இன்னொன்று. சைட் மாட்டிய பிறகு கட்டைவிரலை மரக்கட்டையின் இடுப்பின் மேல் சுற்றிப் பிடிக்க முடியாது, பக்கவாட்டில் வைத்துப் பழக வேண்டும். எனக்கு ஒரு வாரம் பிடித்தது. உதை அதிகமுள்ள, .45-70 மாதிரிப் பெரிய தோட்டா போடும் துப்பாக்கி என்றால் கண்ணை வட்டுக்கு ரொம்பக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், அங்கே வில் வைத்த மார்பிள்ஸ்கூட உங்கள் புருவத்துக்கு இரக்கம் காட்டும் என்று நான் பரீட்சை பண்ணிப் பார்க்கத் தயாரில்லை.

இப்போது ஸ்டீவன்ஸில் மார்பிள்ஸ் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. லைமன் மகளின் துப்பாக்கிக்குப் போகிறது, அவளுக்குக் கண் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அவளும் தட்டித் தட்டி விளையாட மார்பிள்ஸைத்தான் கேட்கிறாள். மூன்று ஓட்டைக்காரன் மட்டும் பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறான். எந்தத் துப்பாக்கிக்குப் பிறந்தவன் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், துளை இடைவெளியை அளந்து அனுப்புகிறேன், அரம் பட்ட துளையை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள்.