ஓரிடத்தில் முகாமா, நாளுக்கொரு முகாமா?

மலைக்காட்டுக்குப் போவது முடிவாகிவிட்டது. ஓரிடத்தில் கூடாரமடித்துத் தினமும் சுற்றித் திரும்புவதா, அதைச் சுமந்துகொண்டே நகர்வதா என்பதில்தான் பலருக்கும் இழுபறி.

சுமை
ஓரிட முகாம்: முதல் நாளும் கடைசி நாளும்தான் முதுகு கடுக்கும். நடுவில் தண்ணீர், மழையங்கி, கொறிக்க ஏதாவது போதும்.
நகரும் முகாம்: கூடாரம், அடுப்பு, உறக்கப்பை, எல்லா நாளுக்குமான உணவும் தோளில். நனைந்த கூடாரத்தை விடியலில் விரல் விறைக்க மடித்துப் பாருங்கள், எடை கூடியிருப்பது கைக்கே தெரியும்.

நேரம்
மணிக்கு 5 கி.மீ., ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இது 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன நடைக்கணக்கு. பெரிய மூட்டையோடு போகிறவர் இதை அப்படியே நம்பினால் இருட்டில்தான் கூடாரமடிப்பார்.

உயரம்
உயரத்தால் வரும் தலைவலி, குமட்டலைத் தவிர்க்க, 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது.
ஓரிட முகாம்: பகலில் ஏறி, இரவில் இறங்கிவிடுகிறோம். தொல்லை குறைவு.
நகரும் முகாம்: ஒவ்வோர் இரவையும் வரைபடத்தில் முன்கூட்டியே குறித்தாக வேண்டும். அனுமதிச் சீட்டும் இரவுக்கு இரவு தேவைப்படலாம்.

மழை
ஓரிட முகாம்: படுத்துக் கிடக்கலாம்.
நகரும் முகாம்: உபரியாக ஒரு நாள் உணவு இல்லையென்றால் நடந்தே தீர வேண்டும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் புதியவர்களுக்கும் ஓரிட முகாம்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி இன்னொன்றில் ஏறிப் போகும் ஆசையும் அதற்கேற்ற முழங்காலும் உள்ளவர்கள் நகரட்டும்.