புகார் கொடுத்த பிறகும் பணம் போனது. யார் பொறுப்பு?

ஈபி பில்லை அப்பா எப்போதோ கட்டிவிட்டார். ஆனாலும் "இன்றிரவு ஒன்பதரைக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று குறுஞ்செய்தி வந்தால் எழுபது வயதில் பதறத்தான் செய்யும். அதிலிருந்த எண்ணைக் கூப்பிட்டார். "பணம் கணக்கில் ஏறவில்லை சார், இந்த ஆப்பைப் போட்டுப் பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள்" என்றான், ரொம்ப மரியாதையாக. அது போன் திரையை அப்படியே அவனுக்குக் காட்டும் ஆப். அப்பா ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

7.10க்கு 49,500 ரூபாய் போனது. 7.25க்கு நான் வங்கியைக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கினேன். கணக்கை முடக்கிவிட்டோம் என்றார்கள். 7.41க்கு இன்னொரு 25,000 போனது.

மறுநாள் கிளையில் இரண்டு தொகைக்கும் சேர்த்து ஒரே பதில்: "ஓடிபி சரியாகப் போட்டிருக்கிறது, பொறுப்பு உங்களுடையதுதான்." இதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, தவறு வாடிக்கையாளருடையதாகவே இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த நிமிடம் வரை போனதுதான் அவர் தலையில். அதற்குப் பிறகு போவது வங்கியின் நஷ்டம். பொறுப்பு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். கிளையில் யாரும் இதைச் சொல்லவில்லை, நானே தேடிப் படித்தது.

எழுத்தில் புகார் கொடுத்தேன். 30 நாளாகியும் பதில் இல்லை. வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனுக்கு (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் போட்டேன். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அந்த 7.25 புகார் எண்ணும் அதற்கு வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியும் கையில் இருந்ததால் 25,000 திரும்பி வந்தது.

முதலில் போன 49,500? அன்றிரவே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் சொல்லியிருந்தோம். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் 8,000 மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. மீதியை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். சரி, அப்பா ஏமாந்தார். ஆனால் எவனோ ஒருவன் பெயரில் அந்த வாடகைக் கணக்கை (மோசடிப் பணத்தை வாங்க வாடகைக்கு விடும் கணக்கு) திறந்துகொடுத்ததும் ஒரு வங்கிதானே? அதற்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து நாமே அனுப்பிய பணத்தைக்கூட 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் வாங்கிய வங்கியும் பாதிப் பாதி. இங்கே அப்படி ஒரு விதி இருந்திருந்தால் அந்தக் கணக்கைத் திறக்கும்போதே யாராவது இரண்டு கேள்வி கேட்டிருப்பார்கள்.

நிறுத்தி வைத்த அந்த 8,000க்காக இப்போது கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருக்கிறோம்.