கடைக்கு எந்தக் கல்லா: மரமா, பிரிண்டரோடு சேர்ந்ததா, கையால் அழுத்துவதா?

திருவல்லிக்கேணியில் எங்களுடையது எட்டுக்குப் பத்து அடிக் கடை. நோட்டு, பேனா, ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங். இதுவரை மூன்று கல்லாக்களில் உட்கார்ந்திருக்கிறேன். முதலாவது, அப்பா காலத்து மர மேசையின் இழுப்பறை. அடுத்தது, பில் பிரிண்டரோடு வயர் போட்டு இணைத்த இரும்புப் பெட்டி. இப்போது இருப்பதற்கு மின்சாரமே வேண்டாம். முன்பக்கத்தை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினால் ‘டிங்’ என்று மணியடித்து வெளியே வரும். புதிதாகக் கடை போடுகிறவர்கள் எதை வாங்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் வியாபாரத்துக்கு நடுவில் பாதி சொல்லி அனுப்பிவிடுகிறேன். முழுசாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் மூன்றாவது பெட்டியின் கட்சி. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் ஸ்கேன் பண்ணுகிற காலத்தில் கல்லா எதற்கு என்று கேட்கலாம். மேன்ஷனில் அறை எடுத்துத் தங்கும் பையன்கள் ஸ்கேன் பண்ணுகிறார்கள், உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வரும் பெரியவர்களும் சில்லறைதான் நீட்டுகிறார்கள். கல்லாவில் சேரும் ரூபாய் குறைந்திருக்கிறது. திறந்து மூடுகிற தடவை அவ்வளவாகக் குறையவில்லை. இரண்டு ரூபாய் ஜெராக்ஸுக்கும் ஒரு தடவை திறக்கத்தானே வேண்டும்? அதனால் பூட்டு எவ்வளவு பலம் என்பதற்கு முன்னால், இத்தனை தடவை இழுத்துத் தள்ளியும் தேயாமல் நிற்குமா என்றுதான் நான் பார்ப்பேன்.

மர இழுப்பறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாதிக் கடைகளில் இன்னும் அதுதான் இருக்கிறது. அப்பாவின் கல்லா தேக்கு. ஐப்பசி அடைமழையில் மரம் ஊறிப் பிடித்துக்கொள்ளும். அடிவிளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பார், மறுபடி வழுக்கிக்கொண்டு வரும். முப்பது வருஷத்தில் அதற்கு ஆன செலவு சில மெழுகுவர்த்திகளும் ஒரு பூட்டும்தான்.

அதை விட்டதற்குக் காரணம் மரம் அல்ல, ரூபாய் நோட்டு. பழைய 500 ரூபாய் நோட்டு 167 மில்லிமீட்டர் நீளம், பழைய 100 ரூபாய் 157. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் அப்பாவின் விரலுக்குப் பார்க்காமலே தெரியும். 2016 நவம்பரில் வந்த 500 ரூபாய் 150 மில்லிமீட்டர், அடுத்து வந்த 200 ரூபாய் 146. அகலம் இரண்டுக்கும் 66தான். நாலு மில்லிமீட்டரை எந்த விரல் கண்டுபிடிக்கும்? நாணயத்திலும் இதே கதை. பத்து ரூபாய், இருபது ரூபாய் இரண்டுக்குமே விட்டம் 27 மில்லிமீட்டர். தடுப்பில்லாத இழுப்பறையில் அப்பாவின் கை தடுமாற ஆரம்பித்தது. இரண்டு தடவை இருநூறுக்குப் பதில் ஐநூறு போய்விட்டது. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. தடுப்புத் தட்டு வைத்த பெட்டி வாங்கலாம் என்று அன்றைக்குத்தான் முடிவானது.

அப்போது ஜிஎஸ்டி வந்து, பில் மெஷினும் வாங்கியிருந்தோம். அதோடு சேர்ந்தாற்போல் வேலை செய்யும் பெட்டி என்றார்கள், எடுத்துக்கொண்டேன். வேலை செய்கிற விதம் எளிது. பில் அடித்ததும் பிரிண்டரிலிருந்து டெலிபோன் வயர் மாதிரி இருக்கும் ஒரு வயர் வழியாக ஒரு நொடிக்கும் குறைவாக மின்சாரம் பாயும். பெட்டிக்குள் இருக்கும் காந்தச் சுருள் கொக்கியை இழுக்கும். பின்னாலிருக்கும் ஸ்பிரிங் தட்டை வெளியே தள்ளும். பில் போட்டால்தான் கல்லா திறக்கும் என்பதால் ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. முதல் ஆறு மாதம் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. இரண்டு ரூபாய் ஜெராக்ஸுக்கு நாங்கள் பில் போடுவதில்லை. கல்லாவைத் திறப்பதற்காகவே கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பேப்பர் சுருள் தீர்ந்துவிட்டால் எங்கள் பிரிண்டர் எந்தக் கட்டளையையும் வாங்காது, கல்லாவும் திறக்காது. கூட்டம் நிற்கும்போது சுருளை மாட்டிவிட்டுத்தான் மீதிச் சில்லறை கொடுக்க முடியும். இரண்டாம் வருஷ மழைக்காலத்தில் பெட்டிக்குள் இருக்கும் காந்தச் சுருள் எரிந்துபோனது. 24 வோல்ட் பிரிண்டருக்கு 12 வோல்ட் பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வாங்கிய கடையில் பெட்டியையே மாற்றச் சொன்னார்கள். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, வேறொரு சுருளைப் பொருத்தி வாங்க ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் சாவி போட்டுத்தான் திறந்தோம்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதுதான் மனசு மாறியது. எங்கள் தெருவில் மின்சாரம் போய், போன் சிக்னலும் விட்டுவிட்டு வந்தது. யாராலும் ஸ்கேன் பண்ண முடியவில்லை. மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, டார்ச் பேட்டரி கேட்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வருகிறார்கள். எல்லாரும் கையில் நோட்டு வைத்திருக்கிறார்கள். கல்லா முழுக்க முழுக்கத் தேவைப்பட்ட அந்த நாளில்தான் கல்லா திறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் இருட்டில் சாவித் துளையைத் தடவித் தேடித் திருகினேன். சாயங்காலத்துக்குள் பூட்டே ஆட்டம் கண்டுவிட்டது. கடைசியில் பணத்தைப் பழைய மர இழுப்பறையில் போட்டு வியாபாரம் செய்தேன். பொங்கலுக்கு முன்னால் கையழுத்துப் பெட்டியை வாங்கிவிட்டேன். எனக்கு 2,800 ரூபாய் ஆனது.

இதற்குள் இருப்பதெல்லாம் ஒரு கொக்கி, இரண்டு ஸ்பிரிங், தட்டு வழுக்கி ஓட இரண்டு பக்கமும் சேனல், ஒரு மணி. உள்ளங்கையால் அழுத்தினால் கொக்கி விடும், தட்டு வரும். இரவில் சாவியைத் திருப்பிவிட்டால் அழுத்தினாலும் வராது. இவ்வளவுதான் விஷயம்.

மணியை நான் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. அப்பா இப்போது கடைக்குப் பின்னாலுள்ள அறையில்தான் இருப்பார், கண் சரியாகத் தெரியாது. மணி அடித்தால் ஒரு வியாபாரம் என்று அவருக்குத் தெரிகிறது. இரண்டு தடவை அடுத்தடுத்து அடித்தால், “என்னடா, சில்லறை இல்லையா?” என்று உள்ளிருந்து கேட்கிறார். கடை அவர் கையை விட்டுப் போகவில்லை என்பது அவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று பார்க்கிற எனக்குத் தெரியும்.

கல்லாவில் மணி வந்ததே, கண்ணுக்கு எட்டாத இடத்திலிருக்கும் முதலாளியின் காதுக்காகத்தான். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஜேம்ஸ் ரிட்டி என்பவர் மதுக்கடை வைத்திருந்தார். வேலையாட்கள் காசை ஒதுக்குவதைத் தடுக்க வழி தெரியவில்லை. கப்பலில் ஐரோப்பாவுக்குப் போனபோது, கப்பலின் சுழல்விசிறி எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும் கருவியைப் பார்த்தார். விசிறியின் சுற்றை எண்ணலாம் என்றால் விற்பனையை ஏன் எண்ணக் கூடாது என்று யோசித்து, அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து கடிகார முகம் போல முள் வைத்த ஓர் இயந்திரத்துக்கு 1879இல் காப்புரிமை வாங்கினார்கள். 1884இல் ஜான் பேட்டர்சன் அந்தத் தொழிலை வாங்கி நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியாக்கினார். விசையை அழுத்தினால் எண் மேலே எழும்பி, மணியடித்து, பெட்டி திறக்கும் பித்தளைக் கல்லாக்கள் அங்கிருந்து உலகமெங்கும் போயின. 1906இல் சார்லஸ் கெட்டரிங் மின்மோட்டார் வைத்துக்கொடுக்கும்வரை எல்லாம் கைபலத்தில்தான் ஓடின.

அந்த மாதிரிப் பழைய மெஷின் ஒன்றையே வாங்கி வைத்தால் என்ன என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. பழம்பொருள் கடை ஒன்றில் இருந்ததை அழுத்திப் பார்த்தேன். விசை இறங்கும்போது உள்ளே அத்தனை பல்சக்கரங்களும் சேர்ந்து நகர்வது விரலில் தெரிகிறது. அந்தச் சுகத்தை இன்றைய பெட்டி எதுவும் தராது. ஆனால் கடைக்கு உதவாது. 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முன் செய்தது என்றால் அணாக் கணக்கு. பின்னால் செய்தது என்றாலும் பாதி விசைகள் பைசாவுக்கே போய்விடும். 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டன. ஒரு பல் உடைந்தால் அதைக் கடைசல் போட்டுத்தான் செய்ய வேண்டும். நான் அழுத்திப் பார்த்ததோடு சரி, வைத்துப் புழங்கியதில்லை. இடம் இருக்கிறவர்கள் அழகுக்காக வைக்கலாம்.

இனி பராமரிப்பு. என்னைப் பொறுத்தவரை எல்லாமே இதில்தான் தீர்மானமாகிறது. எங்கள் கடையிலிருந்து மெரினா நடக்கிற தூரம். உப்புக்காற்றில் ஸ்டேப்ளர் பின்கூடப் பெட்டிக்குள்ளேயே துரு ஏறும். இரும்புக் கல்லாவுக்கு முதலில் துருப்பிடிப்பது சேனல்தான். பெயின்ட் அடித்த வெளித்தகடு பளபளவென்று இருக்கும். உள்ளே சேனல் பழுப்பேறி, தட்டு பாதியில் நிற்க ஆரம்பிக்கும். கையழுத்துப் பெட்டியில் தட்டை மொத்தமாகக் கழற்றி வெளியே எடுத்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு மத்தியானம், சேனலைப் பழந்துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விடுகிறேன். மழைக்கு முன்னால் புரட்டாசியில் ஒருமுறை, ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போதே அதுவும் முடிந்துவிடும். கால் மணி நேர வேலை.

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். முதலில் வழவழப்பாக இருக்கும், நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கிரீஸும் எனக்கு ஒத்துவரவில்லை. ஜெராக்ஸ் தூளும் பேப்பர் தூசியும் சேர்ந்து கறுப்புக் களிம்பாகி, நோட்டில் ஒட்டிக்கொண்டது. மளிகைக் கடையில் இந்தத் தூள் இல்லை. அங்கே கிரீஸ் சரியாக இருக்கலாம்.

இதுவரை ஒரே ஒரு பழுது வந்தது. பதினெட்டாம் மாதம் ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்து, தட்டு கோணலாக வந்தது. ஹார்டுவேர் கடையில் அதே அளவு ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுத்தார், முப்பது ரூபாய். மாட்டிக் கொடுத்தவர் தெருமுனையில் குடை, பூட்டு ரிப்பேர் பார்க்கும் பெரியவர். “இதுல என்ன தம்பி இருக்கு, கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதானே” என்றார். அந்த வார்த்தை எனக்குப் பெரிய தைரியம். பிரிண்டர் பெட்டி பழுதானபோது தெரிந்தவர்களைத் தேடி நான் அலைந்தேன். இதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் எங்கள் தெருவிலேயே உட்கார்ந்திருக்கிறார். கடையை ஒரு மணி நேரம்கூட மூடவில்லை.

குறைகளும் உண்டு. உள்ளே வரும் தட்டில் நோட்டுக்கு ஐந்து அறைதான். நமக்கோ பத்து, இருபது, ஐம்பது, நூறு, இருநூறு, ஐநூறு என்று ஆறு வேண்டும். நான் ஐநூறுகளைத் தட்டுக்கு அடியில் போட்டுவிடுகிறேன்; பெட்டியைத் திறக்காமலே முன்பக்கத்து மெல்லிய வாய் வழியாக உள்ளே தள்ளிவிடலாம். பழைய 100 ரூபாய் நோட்டு 73 மில்லிமீட்டர் அகலம் என்பதால் சில தட்டுகளில் ஓரம் மடங்கும். வாங்கப் போகும்போது ஒரு பழைய நூறைக் கையில் எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள். கனம் குறைந்த பெட்டி என்றால் தட்டு வெளியே பாயும் வேகத்தில் பெட்டியே பின்னால் நகரும். நாங்கள் மேசையோடு திருகாணி போட்டுவிட்டோம்.

பெரிய குறை, யார் அழுத்தினாலும் திறக்கும். மணி அடிக்கும், அவ்வளவுதான். எதற்காகத் திறந்தது என்று எங்கும் பதிவாகாது. நானும் மனைவியும் மட்டும் உட்காரும் கடையில் அது ஒரு பொருட்டில்லை. இரவில் எண்ணி நோட்டில் எழுதிவிடுகிறோம். அதே மாதிரி, இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் நான் இதைப் புழங்கியிருக்கிறேன். அப்பாவின் தேக்கு மாதிரி முப்பது வருஷம் வருமா என்று சத்தியம் செய்ய மாட்டேன். கொக்கியின் முனை லேசாக மழுங்கியிருப்பது இப்போதே தெரிகிறது. சூப்பர் மார்க்கெட்டில் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை திறந்தால் எப்படி நிற்கும் என்று சொல்லும் அனுபவமும் எனக்கில்லை.

போன வாரம் எதிர்வரிசை மெடிக்கல் ஷாப்காரர் வந்து பார்த்தார். மணிச் சத்தம் பிடித்துப்போய் இதையே வாங்குகிறேன் என்றார். அவர் கடையில் மூன்று பேர் மாறி மாறி உட்காருகிறார்கள், எல்லா மாத்திரைக்கும் பில் உண்டு. அதனால் அவருக்குப் பிரிண்டரோடு சேர்ந்த பெட்டியையே சொன்னேன். பிரிண்டரின் வோல்ட்டையும் பெட்டியின் வோல்ட்டையும் ஒரே சீட்டில் எழுதிக்கொண்டு போகச் சொன்னேன். பிரிண்டரை இன்வெர்ட்டர் லைனில் போடச் சொன்னேன். கூட வரும் இரண்டு சாவிகளையும் ஒரே வளையத்தில் மாட்டாமல், ஒன்றை வீட்டில் வைக்கச் சொன்னேன்.