மொட்டைமாடியில் வெந்நீர், கீழே பச்சைத் தண்ணீர்

அலுவலக நண்பர் ஒருவர் கோவை சரவணம்பட்டி பக்கம் வீடு கட்டுகிறார். சுவர் லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலின் மேல்விளிம்பு) வந்துவிட்டது. "சார், சோலார் ஹீட்டர்ல ஈடிசி போடட்டுமா, எஃப்பிசி போடட்டுமா?" என்று கேட்டார். ஈடிசி என்றால் கண்ணாடி டியூப்களில் தண்ணீர் சூடாகும் வகை, எஃப்பிசி என்றால் தட்டையான பெட்டிக்குள் உலோகக் குழாய்களில் சூடாகும் வகை. எங்கள் வீட்டில் 2017இல் போட்ட 200 லிட்டர் ஈடிசி ஓடுகிறது. போன வாரம்தான் ஆள் வந்து டியூப்களைக் கழற்றி உப்பை எடுத்துவிட்டுப் போனார்.

அவர் கேட்டதற்குப் பதில் சுலபம். கோவையில் உப்புள்ள போர்வெல் தண்ணீர் என்றால் ஈடிசிதான். எஃப்பிசியில் தண்ணீர் ஓடுவது மெல்லிய செம்புக் குழாய்களில். உப்பு படிந்தால் அடைத்துக்கொள்ளும். ஈடிசியின் கண்ணாடி டியூப் அகலமானது, கழற்றிக் கழுவலாம். உப்பில்லாத சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் மட்டும் வருகிற வீடு என்றால் தாராளமாக எஃப்பிசி போடலாம், கண்ணாடி டியூப் உடையுமோ என்ற பயம் இல்லை.

வெந்நீரைக் குறை சொல்ல மனம் வராது. பங்குனி வெயிலில் கை வைக்க முடியாத சூடு. ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் மட்டும் தொட்டிக்குள் இருக்கும் மின்சாரக் காயிலைப் போடுகிறோம்.

ஆனால் அந்தச் சூடு கீழே வந்து சேர வேண்டுமே! தொட்டி மாடியின் முன்பக்கம், கீழ்த்தளக் குளியலறை பின்பக்கம். நடுவில் ஏறக்குறைய 30 மீட்டர் முக்கால் இன்ச் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய். மீட்டருக்குக் கால் லிட்டர் அதில் நிற்கும். ராத்திரி ஆறிப்போன அந்த ஏழெட்டு லிட்டரும் போன பிறகுதான் வெதுவெதுப்பே தெரியும். குளித்து முடித்துக் குழாயை மூடினால், அதே அளவு நல்ல வெந்நீர் குழாய்க்குள்ளேயே நின்று ஆறுகிறது. ஒரு மணி நேரம் கழித்து அடுத்த ஆள் போனால் மறுபடியும் முதலில் இருந்து. அம்மா வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார். கோடையில் போர் வற்றுகிற ஊரில், வருடக்கணக்காக இதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை.

விற்க வந்தவர் எத்தனை பேர் குளிப்பீர்கள் என்று கேட்டார். மாடியில் நிழல் விழுமா என்று பார்த்தார். குளியலறை எங்கே என்று மட்டும் கேட்கவே இல்லை. குழாய்க்கு இன்சுலேஷன் உறை போடச் சொல்லவும் இல்லை. கருவி மேல் தப்பில்லை, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. தெரிந்தும் சொல்லாமல் போனவர் மேல்தான் இன்னும் கோபம்.

நண்பரின் பிளானை வாங்கிப் பார்த்தேன். அங்கேயும் தொட்டி முன்பக்கம், குளியலறைகள் பின்பக்கம். அப்படியானால் சோலார் ஹீட்டரே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கரண்டில் தண்ணீர் சூடாக்கும் ஹீட் பம்ப் போடுங்கள், விலை கூடுதல்தான். ஆனால் காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்வதால் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கும், மழையிலும் ஓடும். முக்கியமாக, குளியலறைச் சுவருக்கு வெளியிலேயே வைக்கலாம். அப்புறம் மாடியில் சோலார் பேனல் போட்டால் பகலில் அந்தக் கரண்டிலேயே ஓட்டிக்கொள்ளலாம்.

இல்லை, சோலார் ஹீட்டர்தான் வேண்டும் என்றால், தொட்டியைப் பின்பக்கம், குளியலறைகளுக்கு நேர் மேலே கொண்டுவரச் சொல்லுங்கள். கிளைக் குழாய் அரை இன்ச் போதும். இன்சுலேஷன் உறையைச் சுவர் பூசுவதற்கு முன்பே மாட்டிவிட வேண்டும்.